பத்தாம் குழுவின் தண்ணீர்

ஜூலை 8, செவ்வாய்

ஐந்து நாள் பயிற்சி முடிந்தது. ‘விரிவுரை செத்துவிட்டது’ என்று முதல் நாளே அறிவித்தார் பயிற்சி கொடுத்த அம்மையார். முன் வரிசையில் வடை தின்றுகொண்டிருந்த எனக்குத் தொண்டையில் அடைத்துக்கொண்டது. பத்தொன்பது வருடமாக சிவில் துறையில் அதைத்தானே செய்து சம்பளம் வாங்குகிறேன்!

இனிமேல் பி.பி.எல்., பிரச்சினைவழிக் கற்றல். அதாவது, பாடத்தை நடத்திவிட்டுக் கணக்குக் கொடுக்கக் கூடாது. முதலில் ஒரு நிஜப் பிரச்சினையைத் தூக்கிப் போட வேண்டும். பிள்ளைகள் குழுவாக உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொண்டு பாடத்தைத் தாங்களே தேடிக்கொள்வார்கள். வாத்தியார் விடை சொல்லவே கூடாது. யாராவது கேட்டால், ‘நீங்க என்ன நினைக்கிறீங்க?’ என்று திருப்பிக் கேட்க வேண்டும். விடை தெரியாத நேரங்களில் நான் காலங்காலமாகச் செய்துவருவதுதான். அதற்கு ஒரு பெயரும் சான்றிதழும் உண்டு என்பது இப்போதுதான் தெரிந்தது.

வாத்தியாரும் நாட்குறிப்பு எழுத வேண்டுமாம். கோப்புக்கு ஒன்று ஆங்கிலத்தில் எழுதுகிறேன். இது எனக்கு.

சாயங்காலம் என் மனைவி வடிவு, “தோசையா, உப்புமாவா?” என்றாள்.

“நீ என்ன நினைக்கிறே?”

“அஞ்சு நாள் வெளியூர்ச் சாப்பாட்டுல உங்களுக்குப் புத்தி பெரண்டுபோச்சுன்னு நெனைக்கேன்.”

உப்புமா.

ஜூலை 14, திங்கள்

முதல்வர் தளவாய் கூப்பிட்டனுப்பினார். செப்டம்பரில் தர மதிப்பீட்டுக் கமிட்டி வருகிறது. அதற்குள் எங்கள் கல்லூரியில் பி.பி.எல். ‘ஆண்டாண்டாக நடந்துவந்திருக்க’ வேண்டும்.

“என்னவே பிரம்மநாயகம், நீருதான் இதுக்கு ஆளு. நல்லா வாயடிக்கேரு. இந்தத் தடவை கிரேடு வந்துட்டுன்னா ஒம்ம அசோசியேட் புரமோஷன தாளாளர் மேசைல நானே வைக்கேன்.”

முனைவர் பட்டத்தைப் பதினோரு வருடமாக அடைகாத்துக் குஞ்சு பொரிக்காத எனக்கு, இது கடவுள் வலியவந்து கதவைத் தட்டுவது மாதிரி. இரண்டு கையாலும் கும்பிட்டேன். வெளியே வந்ததும், ஒரு கை போதாதா என்று தோன்றியது.

ஜூலை 21, திங்கள்

மூன்றாம் ஆண்டில் ஐம்பது பேர். ஐந்தைந்து பேராகப் பத்துக் குழு. படிப்பவர், படிக்காதவர், விடுதிப் பிள்ளை, பஸ்ஸில் வரும் பிள்ளை என்று கலந்து பிரிக்க வேண்டும் என்பது பயிற்சியில் மூன்று மணி நேரப் பாடம். நான் பதிவெண் வரிசைப்படி பிரித்தேன். இரண்டு நிமிடம் ஆனது. சாப்பாட்டு மணி அடிக்க மூன்று நிமிடம்தான் இருந்தது.

இதில் ஒரு வில்லங்கம். பாலிடெக்னிக் டிப்ளமோ முடித்து நேராக இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவர்களுக்குப் பதிவெண் முந்நூற்று ஒன்றில் ஆரம்பிக்கும். அப்படி ஐந்து பேர். வகுப்பில் அவர்களை ‘முந்நூறு’ என்றுதான் கூப்பிடுவார்கள். வரிசைப்படி வெட்டினால் முந்நூறுகள் ஐந்தும் மொத்தமாகப் பத்தாம் குழுவில் வந்து விழுந்துவிட்டார்கள். கவனித்தேன். அழித்து எழுதச் சோம்பல்.

நிஜப் பிரச்சினைக்கு எங்கே போவது? ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பெண்கள் விடுதி தெரிந்தது. ‘விடுதியில் தண்ணீர்ப் பற்றாக்குறை: தீர்வு காண்க’ என்று பலகையில் எழுதிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

குழுவேலை அமோகமாக நடக்கிறது. ஒன்றாம் குழுவில் ஒருத்தி எழுதுகிறாள். மற்றவர்களில் ஒருவன் ஸ்லைடுக்குப் பூப்போட்ட ஓரம் தேடுகிறான், இன்னொருவன் ஜெராக்ஸுக்குப் போயிருக்கிறான், மூன்றாமவன் நன்றியுரைக்கு ஒத்திகை பார்க்கிறான். ஐந்தாவது ஆள் யார் என்று அவர்களுக்கே தெரியவில்லை. எங்கள் துறை ஆசிரியர் கூட்டமும் இப்படித்தான் நடக்கும் என்பதால் நான் ஒன்றும் சொல்லவில்லை.

பத்தாம் குழுவில் மட்டும் ஐந்து பேரும் வேலை செய்கிறார்கள். பழக்கம் போதாது.

அதில் பேச்சியம்மாள் என்று ஒருத்தி, விடுதியில் இருப்பவள். அப்பாவுக்கு டிராக்டர் ஓட்டும் வேலை. வகுப்பில் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. இன்று எழுந்து நின்றாள்.

“சார், பத்தாக்குறைன்னு யாரு சார் சொன்னா?”

“பலகையில எழுதியிருக்கேன்லா?”

“குளிக்கத் தண்ணி பத்தாது, அது வாஸ்தவந்தான். ஆனா குடிதண்ணி மிஞ்சித்தான் சார் கெடக்கு. கேன் வாங்க முடிஞ்சவ கேன் வாங்குதா. முடியாதவ மட்டுந்தான் அதைக் குடிக்கா.”

“ஏன்?”

“அதைத்தானே சார் நாங்க கண்டுபிடிக்கணும்?”

வகுப்பு சிரித்தது. சிரிப்பு யார் பக்கம் என்று தெரியாமல் நானும் சிரித்துவைத்து, பயிற்சியில் படித்ததைக் கேட்டேன்: “நீங்க என்ன நினைக்கிறீங்க?”

அனுமதி கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஜனவரியில் விடுதியில் பதினான்கு பேருக்கு மஞ்சள் காமாலை வந்தது. வாசலில் நின்ற பானிபூரி வண்டிதான் காரணம் என்று நிர்வாகம் கண்டுபிடித்து வண்டிக்காரரைத் துரத்தியது. ஏப்ரலில் இன்னும் மூன்று பேருக்கு வந்தது. அப்போது துரத்த வண்டி இல்லை.

ஆகஸ்ட் 13, புதன்

பத்தாம் குழுவின் ஜெபசிங் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை என் மேசையில் வைத்தான். டிப்ளமோ முடித்து ஒரு வருடம் ஊராட்சித் தொட்டிகளில் தண்ணீர் பரிசோதனைக்குப் போய்வந்தவன். தண்ணீரை ஊற்றி இரண்டு நாள் மூடிவைத்தால், அதில் சாக்கடை கலந்திருந்தால் கறுத்துவிடும். பரீட்சை அவ்வளவுதான்.

கருப்பட்டிக் காப்பி மாதிரி இருந்தது.

“விடுதி போர்வெல் தண்ணி சார். மூணு தடவ பாத்துட்டோம்.”

“குப்பி பழசா இருக்கும்டே.”

“அதான் சார், ஆம்பளைங்க விடுதித் தண்ணியையும் இதே குப்பியில ஊத்திப் பாத்தோம். அது வெள்ளையாத்தான் இருக்கு.”

ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று இவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? நான் இல்லை. விரிவுரை செத்துவிட்டது என்பது உண்மைதான் போலிருக்கிறது.

வீட்டில் மிக்ஸி ரிப்பேர். கடையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 20, புதன்

பத்தாம் குழுவின் அறிக்கை வந்தது. கையால் எழுதிய பதினெட்டுப் பக்கம். பூப்போட்ட ஓரம் இல்லை.

போர்க் குழாய்க்கும் விடுதியின் மலத்தொட்டிக்கும் இடையே டேப் பிடித்து அளந்திருக்கிறார்கள். ஐந்து மீட்டர் இருபது சென்டிமீட்டர். குறைந்தது பதினைந்து மீட்டர் வேண்டும். இதை வருடாவருடம் கலர் சாக்பீஸில் படம் போட்டு நடத்துகிறவன் நான். மலத்தொட்டி பழுப்பு, கிணறு நீலம். அழகாக வரும். அங்கிருந்து விடுதி வரை நடந்து போய்ப் பார்க்கத்தான் நேரம் வாய்க்கவில்லை.

பின்னிணைப்பு ஒன்றில் ஒரு கணக்கெடுப்பு. ஆசிரியர்களும் அலுவலர்களுமாக நாற்பத்தொரு பேரிடம் ஒரே ஒரு கேள்வி: ‘நீங்கள் கல்லூரித் தண்ணீர் குடிக்கிறீர்களா?’ முப்பத்தொன்பது பேர் வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுவருகிறார்கள். ஒருவர் கேன். இன்னொருவர் சமீபத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்.

நானும் அந்த முப்பத்தொன்பதில் ஒருவன். இரண்டு லிட்டர் பச்சைப் பாட்டில். எனக்கு அல்சர் இருப்பதால் சீரகத் தண்ணீர் கொண்டுபோகிறேன். மற்ற முப்பத்தெட்டுப் பேருக்கும் அல்சர் இருக்கலாம். ஆசிரியர் அறை மேசையில் பாட்டில்கள் வரிசையாக நிற்பதை இத்தனை வருடம் ஒரு அலங்காரமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

பின்னிணைப்பு இரண்டு, குடிநீர்த் தரச் சான்றிதழின் நகல். அலுவலகத்தில் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். ‘பருகத் தகுந்தது’ என்று போட்டுக் கல்லூரித் தண்ணீர்க் கமிட்டி ஒருங்கிணைப்பாளர் கையெழுத்திட்டிருக்கிறார். எனக்குத் தெரிந்த கையெழுத்துதான். ஆறு வருடமாகத் தெரியும்.

அந்தக் கமிட்டியில் என்னைப் போட்டபோது நான் கேட்டா போட்டார்கள்? மாதிரித் தண்ணீர் முதல்வர் அறைக் கேனிலிருந்து எடுப்பதுதான் எனக்கு முன்னாலிருந்தே வழக்கம். ஆய்வகத்துக்குப் போகிற வழியில் அந்த அறை இருக்கிறது. விடுதி வெயிலில் அரை கிலோமீட்டர்.

அறிக்கையின் கடைசி வரி: ‘இந்தப் போரை உடனே மூட வேண்டும்.’

இலக்கணப் பிழைகளைச் சிவப்பு மையில் திருத்தினேன். ஏழு இருந்தன.

ஆகஸ்ட் 29, வெள்ளி

தளவாய் அறை. மேசையில் பதினெட்டுப் பக்கம். அவரிடம் யார் கொடுத்தார்கள்? நான்தான். மறைத்தால் நாளைக்கு என் தலையில் விடியும் என்று நினைத்தேன். கொடுத்ததாலும் அங்கேதான் விடிந்தது.

“இது என்னதுவே?”

“பி.பி.எல். சார்.”

“பிரச்சினைய தீர்க்கச் சொன்னா உண்டாக்கிட்டு வந்திருக்கானுவ! கடைசிப் பக்கத்துல ஒம்ம கையெழுத்து இருக்கு, பாத்தேரா? கமிட்டி கையில இது கெடச்சா மொதல்ல உள்ள போறது நானில்லவே, நீரு.”

“போர மூடிட்டு லாரித் தண்ணி ஊத்தினா…”

“செப்டம்பர்ல மூடுனா ஜனவரில ஏன் மூடலன்னு கேப்பான். கமிட்டி வந்துட்டுப் போவட்டும். பொறவு பாத்துக்கிடலாம். அந்தக் குழுவ என்ன செய்யப் போறேரு?”

அவர் தண்டிக்கத்தான் நினைத்தார்: பெற்றோரைக் கூப்பிடுவது, சஸ்பெண்டு செய்வது. நான் பதறிப்போய், “அதெல்லாம் வேண்டாம் சார், கல்வி முறைப்படியே செஞ்சிடலாம்” என்றேன்.

நான்தான் சொன்னேன். இந்த நோட்டிலாவது இருக்கட்டும்.

செப்டம்பர் 2, செவ்வாய்

குழு கலைப்பு. பயிற்சியில் இதற்கு ‘ஜிக்சா முறை’ என்று பெயர். குழுக்களைக் கலைத்துக் கலந்தால் அறிவு பரவும். ஒன்று முதல் ஒன்பது வரை அப்படியே இருக்க, பத்தாம் குழுவை மட்டும் கலைத்து ஐந்து பேரையும் ஐந்து குழுக்களுக்கு ஆளுக்கொன்றாக அனுப்பினேன். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலைதான். அன்றைக்குச் சோம்பலில் விட்டதை இன்று மெனக்கெட்டுச் செய்தேன்.

“நாங்க எழுதுன அறிக்க சார்?” என்றான் ஜெபசிங்.

“புதுக் குழுவுல பேசுங்க. ஒத்துக்கிட்டாங்கன்னா சேர்த்துக்கலாம். இதுல ஜனநாயகம் ரொம்ப முக்கியம்.”

ஐந்துக்கு ஒன்று என்றால் ஓட்டு எப்படி விழும் என்று தெரியாத வயதில்லை அவனுக்கு. எனக்கும்தான். “சரி சார்” என்று பையை எடுத்துக்கொண்டு நாலாம் குழுவுக்குப் போனான். அங்கே நாற்காலி இல்லை. நின்றான்.

பேச்சியம்மாள் ஒன்றாம் குழுவில். அவளை ஸ்லைடுக்குத் தலைப்பு அடிக்க வைத்திருக்கிறார்கள்: ‘தண்ணீரைச் சேமிப்போம்.’

செப்டம்பர் 9, செவ்வாய்

மத்தியானம் பேச்சியம்மாள் ஆசிரியர் அறை வாசலில் நின்றாள். உள்ளே வரச் சொன்னால் வரவில்லை. பாட்டில் வரிசையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“சார், கொதிக்கவச்சுக் குடிக்கலாம்னு எலக்ட்ரிக் கெட்டில் ஒன்னு வாங்கினேன். வார்டன் மேடம் பிடுங்கிட்டாவ. ரூம்ல கரன்ட் சாமான் வைக்கக் கூடாதாம்.”

“விதி அப்படித்தானேம்மா.”

“நீங்க ஒரு லெட்டர் குடுத்தா திருப்பித் தாரேன்னாவ சார். தண்ணிய காய்ச்சித்தான் குடிக்கணும்னு ஒரு வரி. நீங்கதானே தண்ணிக் கமிட்டி.”

ஒரு வரி. என் பெயரும் தேதியும் போட்டு, ‘காய்ச்சித்தான் குடிக்க வேண்டும்.’ அதற்குப் பக்கத்தில் ‘பருகத் தகுந்தது’ என்ற என் இன்னொரு கையெழுத்தை வைத்துப் பார்த்தேன். கமிட்டி வர இன்னும் பதினைந்து நாள்.

“எழுதிக் குடுத்தா மத்த பிள்ளைங்களும் கேப்பாங்க. என்ன செய்யலாம்? நீ என்ன நினைக்கிறே?”

அவள் என்னைப் பார்த்தாள். நான் பாட்டிலின் மூடியை இறுக்கினேன். அது ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது.

“ஒன்னும் நெனைக்கல சார்” என்று போய்விட்டாள்.

பக்கத்து மேசை காந்திமதி மேடம் கேரியரைத் திறந்தபடி, “பாவம், நல்ல பிள்ள” என்றார். பிறகு தன் பாட்டிலிலிருந்து ஒரு வாய் குடித்தார்.

செப்டம்பர் 15, திங்கள்

மிக்ஸி வந்துவிட்டது. சத்தம் முன்பைவிட அதிகம்.

செப்டம்பர் 24, புதன்

கமிட்டி வந்தது. மூன்று பேர், மூன்று மாலை. மேசையில் சீல் வைத்த பாட்டில் தண்ணீர், ஆளுக்கு இரண்டு.

ஒன்றாம் குழு ஜமாய்த்துவிட்டது. நான்கு பேர் கழுத்துப் பட்டை கட்டிக்கொண்டு ‘சொட்டுநீர்க் குழாய்த் தலை பொருத்தினால் முப்பது சதவீதம் மிச்சம்’ என்றார்கள். பேச்சியம்மாள் ஸ்லைடு தள்ளினாள்.

கமிட்டியில் ஒரு பேராசிரியை மட்டும் கோப்பைப் புரட்டிவிட்டு என்னைக் கேட்டார்: “ஜூலைப் பட்டியல்ல பத்துக் குழு இருக்கு. இப்ப ஒன்பதுதானே? பத்தாவது எங்க?”

தளவாய் கைக்குட்டையை எடுத்தார். ஜெபசிங் பின்வரிசையிலிருந்து என்னையே பார்த்தான். ஒரு வாத்தியார் கேள்வி கேட்டுவிட்டு மாணவனைப் பார்ப்பாரே, அப்படி.

வாய் திறந்தேன். என்ன சொல்லப் போகிறேன் என்று சத்தியமாக எனக்கே தெரியாது.

“அவங்க டிப்ளமோ பிள்ளைங்க மேடம். தனியா ஒதுங்கிடக் கூடாதுன்னு எல்லாரோடயும் கலந்துட்டோம்.”

“வெரி குட்” என்று எழுதிக்கொண்டார். அவர்களின் அறிக்கையில் இது ‘பின்பற்றத்தக்க நடைமுறை’ என்று வருமாம். தளவாய் என் முதுகில் தட்டினார். சட்டை நனைந்திருந்ததால் சத்தம் வேறு மாதிரி வந்தது.

அக்டோபர் 6, திங்கள்

பேச்சியம்மாளுக்கு மஞ்சள் காமாலை. வியாழக்கிழமையே ஊருக்குக் கூட்டிப்போய்விட்டார்களாம். விடுதியில் இன்னும் எட்டுப் பேர். அவர்களையும் ‘பூஜை விடுமுறை நீட்டிப்பு’ என்று அனுப்பிவிட்டார்கள்.

காந்திமதி மேடம்தான் சொன்னார். நான், “கடையில ஏதாவது தின்னிருக்கும்” என்றேன். அவர் கேரியரை மூடிவைத்தார்.

போரை மூடுவது பற்றித் தளவாயிடம் கேட்டேன். நிஜமாகவே கேட்டேன். “ரிசல்ட் வரட்டும்வே” என்றார்.

இன்று குழுத் தோழர் மதிப்பீடு. ஒவ்வொரு குழுவும் தங்களுக்குள் நூறு மதிப்பெண்ணைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஒன்றாம் குழுவின் தாளில் பேச்சியம்மாளுக்கு நேரே இரண்டு.

“இரண்டு எதுக்குடே?”

“ஸ்லைடு தள்ளுனால்லா சார்.”

மற்ற நான்கு முந்நூறுகளில் இரண்டு இலக்கத்தைத் தொட்டவர் ஒருவர்தான். ஜெபசிங்குக்குப் பதினொன்று.

வடிவு, “ஏன் சோறு அப்பிடியே இருக்கு?” என்றாள். அல்சர் என்றேன்.

அக்டோபர் 13, திங்கள்

பேச்சியம்மாளின் அப்பா வந்தார். சட்டைப் பையில் மடித்த மருத்துவச் சான்றிதழ். வருகைப் பதிவு அறுபத்தாறு சதவீதம். அறுபத்தைந்துக்கு மேல் இருந்தால் மருத்துவச் சான்றிதழ் வைத்துத் தேர்வு எழுதலாம். வைக்காவிட்டால் அடுத்த வருடம்தான்.

தளவாயிடம் கொண்டுபோனேன். விரித்துப் பார்த்துவிட்டு விரலால் ஒரு சொல்லின் மேல் தட்டினார்.

“மஞ்சக் காமாலைன்னு ஒரு தாள் இந்த வருசக் கோப்புல ஏறக் கூடாதுவே. விடுதி விலாசம் வேற போட்டிருக்கான் டாக்டரு. வேற சீக்கு எழுதி வாங்கிட்டு வரச் சொல்லும்.”

வெளியே காத்திருந்த அவள் அப்பாவிடம் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்பதை எழுதப் போவதில்லை.

“இல்லாத சீக்க எப்பிடி சார் எழுதி வாங்க? பிள்ள சம்மதிக்க மாட்டா.” தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்துப் பையில் வைத்தார். “நீங்க நல்லா சொல்லிக்குடுப்பீகன்னு சொல்லும் சார். வெள்ளரிப் பிஞ்சு கொண்டாந்தேன், மேசைல வச்சிருக்கேன்.”

அக்டோபர் 27, திங்கள்

கிரேடு வந்துவிட்டது. எதிர்பார்த்ததைவிட ஒரு படி மேல். அசோசியேட் உத்தரவும் கையில். வடிவு கேசரி கிண்டினாள். ஆசிரியர் அறையில் எல்லோரும் கைகொடுத்தார்கள். போருக்குப் புதிய மோட்டார் போட்டிருக்கிறார்கள். இனிமேல் பற்றாக்குறை இல்லை.

மத்தியானம் ஜெபசிங் ஒரு நோட்டைக் கொடுத்துவிட்டுப் போனான். பேச்சியம்மாளின் கற்றல் நாட்குறிப்பு. பாடத்தின் கடைசிக் கட்டமாக எல்லோரும் எழுத வேண்டியது, பத்து மதிப்பெண். தேர்வே எழுத முடியாதவள் எதற்காக இதை எழுதி அனுப்பினாள் என்று தெரியவில்லை. கேட்ட வேலையை முடித்துக்கொடுக்கிற பழக்கமாக இருக்கலாம்.

ஆறு கேள்விகளுக்கும் ஒழுங்கான பதில்கள். ஏழாவது கேள்வி நான் தயாரித்ததுதான்: ‘பிரச்சினைக்கான விடையை உங்கள் குழு எவ்வாறு கண்டுபிடித்தது?’

அவள் எழுதியிருந்தாள்:

‘நாங்கள் கண்டுபிடிக்கவில்லை. எல்லோருக்கும் முன்பே தெரிந்திருந்தது. எங்களுக்கு மட்டும்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.’

சிவப்புப் பேனாவோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு பிழைகூட இல்லை.

பத்துக்குப் பத்து போட்டேன். பத்தொன்பது வருடத்தில் நான் யாருக்கும் பத்துக்குப் பத்து போட்டதில்லை. தேர்வெழுதாதவர்களின் அகமதிப்பெண் கணினியில் ஏறாது. அது தெரிந்துதான் போட்டேன்.